புண் ஆறிய பிறகும் தோலை இழுப்பது யார்?

பிசியோ_செங்காந்தள் · ஞாயிறு இரவு 9:12

தீக்காயப் பிரிவில் ஒன்பது வருடமாகப் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். போன வாரம் ஓர் அம்மா கேட்ட கேள்விக்கு எனக்கே திருப்தியான பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே போடுகிறேன்.

நாலு வயதுப் பையன். சுடுகஞ்சி கொட்டி இடது முழங்கை மடிப்பில் ஆழமான காயம். தோல் ஒட்டு வைத்தார்கள், புண் நன்றாகவே மூடிவிட்டது. ஊரில் திருவிழா என்று ஐந்து நாள் ஸ்ப்ளின்ட்டை (கையை நீட்டியபடி பிடித்து வைக்கும் கட்டை) கழற்றி வைத்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது கை முழுதாக நீளவில்லை, முன்பு நீண்டதைவிட இருபது டிகிரி குறைவு. நான் கொஞ்சம் கடிந்துகொண்டேன். அவர் நிதானமாகக் கேட்டார்: “புண்ணுதான் ஆறிடுச்சே மேடம். இப்ப யாரு இழுக்கிறது?”

“தழும்பு சுருங்கும்மா” என்றேன். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று சொல்லும்போதே தெரிந்தது. ஈரத்தோல் வெயிலில் காய்ந்து சுருங்குவது போலத் தானாக நடக்கிறதா? இல்லை, உயிருள்ள ஏதோ ஒன்று உள்ளே உட்கார்ந்து இழுக்கிறதா? இழுக்கிறது என்றால், எவ்வளவு இழுப்பது, எப்போது நிறுத்துவது என்று அதற்கு எப்படித் தெரியும்? நான் படித்த புத்தகத்தில் ‘மயோஃபைப்ரோபிளாஸ்ட் சுருங்கும்’ என்று ஒரு வரியோடு முடித்துவிட்டார்கள். செல் உயிரியல் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.

பாவும்_ஊடையும் · ஞாயிறு இரவு 11:40

செங்காந்தள் அக்கா, அந்த அம்மா சரியாகத்தான் கேட்டிருக்கிறார். உள்ளே ஆள் இருக்கிறது. என் முனைவர் பட்ட வேலை முழுக்கக் கொலாஜன் ஜெல்லில்தான், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

தோலின் உள்ளடுக்கில் கொலாஜன் நார்கள் வலை போலக் கிடக்கும். அந்த வலைக்குள் அங்கங்கே ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் இருக்கும். நாரைச் சுரப்பதும் பழுதுபார்ப்பதும் அவைதான் என்று எல்லோரும் படித்திருப்போம். அவை இழுக்கவும் செய்யும் என்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டியவர்கள் ஆல்பர்ட் ஹாரிஸும் அவரோடு வேலை செய்தவர்களும், 1980-இல். சிலிகோன் திரவத்தின் மேற்பரப்பைக் கணநேரம் தீச்சுடரில் காட்டினால் பாலாடை போல மெல்லிய ஏடு படியும். அதன்மேல் செல்களை வளரவிட்டார்கள். ஒவ்வொரு செல்லின் அடியிலும் ஏடு சுருக்கம் சுருக்கமாக மடிந்தது. ஃபைப்ரோபிளாஸ்ட் போட்ட இழுப்பு, அது ஊர்ந்து போகத் தேவையானதைவிட மிக அதிகம். ஊர்வதற்கு இவ்வளவு பலம் எதற்கு? நார்களை இழுத்து வரிசைப்படுத்தத்தான் என்று அடுத்த ஆண்டே எழுதினார்கள்.

அதற்குச் சற்று முன்பு, 1979-இல், யூஜின் பெல் கொலாஜன் ஜெல்லுக்குள் ஃபைப்ரோபிளாஸ்ட்களைக் கலந்து மிதக்கவிட்டார். தட்டு நிறைய இருந்த ஜெல் சில நாட்களில் காசு அளவுக்குச் சுருங்கி, தோல் மாதிரி கெட்டியானது. செல் கலக்காத ஜெல் போட்டது போட்டபடி கிடக்கும். நான் முதல் தடவை இதைச் செய்த மறுநாள் காலை இன்னும் நினைவிருக்கிறது. இன்குபேட்டரைத் திறந்தால் ஜெல் தட்டின் ஓரத்தைவிட்டு விலகி நடுவில் நிற்கிறது. யாரும் அதைத் தொடவில்லை.

எவ்வளவு இழுப்பது என்று எப்படித் தெரியும் என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு, 1998-இல் லண்டனில் ராபர்ட் பிரவுன் குழு செய்த சோதனைக்குப் போக வேண்டும். அவர்கள் ஜெல்லை மிதக்கவிடவில்லை. இரண்டு முனையிலும் பிடித்துக் கட்டி, ஒரு முனையில் மிக நுட்பமான விசைமானியைப் பொருத்தினார்கள். முதல் பல மணி நேரம் இழுப்பு ஏறிக்கொண்டே போகும். ஒரு நாள் ஆகும்போது ஓர் அளவில் நின்றுவிடும். ஜெல்லில் இருக்கும் லட்சக்கணக்கான செல்கள் சேர்ந்து இழுப்பது ஒரு கிராம் எடைக்கும் குறைவுதான். நின்ற பிறகு வெளியிலிருந்து ஜெல்லைக் கொஞ்சம் நீட்டினார்கள். செல்கள் பிடியைத் தளர்த்தின. நீட்டியதைத் திரும்ப விட்டார்கள். செல்கள் கூடுதலாக இழுத்தன. எந்தப் பக்கம் கலைத்தாலும் பழைய இறுக்கத்தை நோக்கியே நகர்ந்தன. இதற்கு அவர்கள் வைத்த பெயரை ‘இழுவிசைச் சமநிலை’ என்று தமிழில் சொல்லலாம்.

தறியில் உட்கார்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். அப்பா நெய்யும்போது பாவு தொய்ந்தால் கை தானாகப் போய் இறுக்கும், விறைத்தால் தளர்த்தும். தோலில் அந்த நெசவாளி பாவுக்குள்ளேயே குடியிருக்கிறார்.

மாறன்_மெக் · திங்கள் காலை 7:05

பாலிமர் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். ஓர் ஆட்சேபம் இருக்கிறது, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீட்டிப் பிடித்தால் இழுவிசை தானாகக் குறைவது உயிரில்லாத பொருளிலேயே நடக்கும். நீட்டியதில் பாதியை விட்டால் இழுவிசை கொஞ்சம் மேலே ஏறுவதையும் நான் தினமும் பார்க்கிறேன். பாகுத்தன்மையும் மீள்தன்மையும் கலந்த எந்தப் பொருளும் அப்படித்தான் நடந்துகொள்ளும். கொலாஜன் ஜெல்லும் அந்த வகைதான். பிறகு எப்படி அதைச் செல்லின் வேலை என்று சொல்வது?

பாவும்_ஊடையும் · திங்கள் காலை 8:30

கேட்க வேண்டிய ஆட்சேபம், மாறன். செல் இல்லாத ஜெல்லை அதே கருவியில் வைத்துப் பார்க்காமல் இதில் எதையும் நம்பக்கூடாது. அதற்கு மேலும் ஒரு வழி உண்டு. சைட்டோகலாசின்-டி என்ற பொருள் செல்லுக்குள் இருக்கும், செல் இழுக்கப் பயன்படுத்தும் ஆக்டின் இழைகளைக் குலைத்துவிடும். கொலாஜனை அது ஒன்றும் செய்யாது. அதை ஊற்றினால் ஜெல்லின் இறுக்கம் மளமளவென்று இறங்கும். பொருள் அதே பொருள், விழுந்தது செல்லின் கை மட்டும். அப்படி இறங்கிய பங்கு செல்லுடையது என்று கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. இறுக்கம் முழுதாக இறங்காது. ஒரு மிச்சம் நிற்கும், ஜெல் நாள்பட நாள்பட அந்த மிச்சம் கூடும். செல் கையை விட்ட பிறகும் கொலாஜன் வலையே தனக்குள் பூட்டி வைத்துக்கொண்ட இறுக்கம் அது.

அக்கா, அந்தப் பையனின் கை மாட்டிக்கொண்டிருப்பது இந்த மிச்சத்தில்தான். செல் கொஞ்சம் இழுக்கும். இழுத்த நிலையிலேயே புது நார் சுரந்து குறுக்கே பிணைப்புப் போடும். அப்புறம் பிடியை விட்டு, எட்டிப் பிடித்து மறுபடி கொஞ்சம் இழுக்கும். கிணற்றில் நீர் இறைக்கும்போது ஒரு கை கயிற்றை நிறுத்திப் பிடிக்க, மறு கை மேலே எட்டுமே, அந்த மாதிரி. தசை சுருங்கினால் விரியும். இது விரியாது. கை மடங்கியபடி இருந்த ஐந்து நாளும் மடங்கிய நீளத்திலேயே பூட்டு விழுந்திருக்கிறது. ஸ்ப்ளின்ட்டால் இழுப்பை நிறுத்த முடியாது. எந்த நீளத்தில் பூட்டு விழ வேண்டும் என்பதை மட்டும் அது தீர்மானிக்கிறது.

பிசியோ_செங்காந்தள் · திங்கள் காலை 8:52

கடைசி இரண்டு வாக்கியத்தை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன் தம்பி.

கத்தியும்_நூலும் · திங்கள் மதியம் 2:15

பிளாஸ்டிக் சர்ஜன். அறுவை அரங்கிலிருந்து பார்த்ததையும் சேர்க்கிறேன்.

உயிருள்ள தோல் சும்மா இருக்கும்போதே இறுக்கத்தில்தான் இருக்கிறது. கத்தி பட்டதும் வாய் பிளப்பது அதனால்தான். பிரெஞ்சு சர்ஜன் டுப்புயிட்ரென் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். உருண்டை முனையுள்ள குத்தூசியால் குத்திய காயம் வட்டமாக இல்லை, கீறல் போல நீண்டிருந்தது. 1861-இல் வியன்னாவில் கார்ல் லாங்கர் சடலங்களில் வரிசையாகக் குத்தித் துளையிட்டு, துளைகள் எந்தத் திசையில் நீள்கின்றன என்று உடல் முழுக்க வரைந்தார். இன்றும் எங்கே கீறுவது என்று யோசிக்கும்போது அந்தக் கோடுகள் மனதில் வரும். கோட்டோடு போனால் தழும்பு மெல்லிய இழையாக ஆறும். குறுக்கே போனால் அகலும்.

கெலாய்டு, அதாவது காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளரும் தழும்பு, எங்கே வருகிறது என்று பாருங்கள். நெஞ்சுக் குழிக்கு மேலே, தோள்பட்டை, மேல்கையில் பிசிஜி ஊசி போட்ட இடம். எல்லாம் ஓயாமல் இழுபடும் தோல். கண் இமையில் கெலாய்டு வந்து நான் பார்த்ததே இல்லை, அங்கே தோல் தொளதொளவென்று இருக்கிறது. ஆனால் இறுக்கம் ஒன்றே காரணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். காது மடலில் என்ன இழுப்பு இருக்கிறது? காது குத்திய இடத்தில் கெலாய்டோடு வரும் பெண்கள் என் புறநோயாளிப் பிரிவில் ஏராளம். பரம்பரையும் நாட்பட்ட அழற்சியும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

மறுபக்கமும் உண்டு. நிதானமாக, நாள்கணக்கில் இழுத்தால் தோல் வளரவே செய்யும். கர்ப்பிணியின் வயிற்றில் நடப்பது அதுதான். 1957-இல் சார்லஸ் நியூமன் தோலுக்கு அடியில் ஒரு ரப்பர் பலூனை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊதி, காதைச் சீரமைக்கத் தேவையான தோலை அங்கேயே வளர்த்தெடுத்தார். இன்று தீக்காயத் தழும்பை எடுத்துவிட்டு மூட, பக்கத்துத் தோலை அதே முறையில்தான் பெருக்குகிறோம். தழும்பைத் தடிக்க வைக்கும் அதே இழுப்பு நல்ல தோலை வளர வைக்கிறது. முப்பது வருடத்துக்குப் பிறகும் எனக்கு இது வியப்புத்தான்.

கடலோரக்_காற்று · திங்கள் மாலை 6:20

டாக்டர் ஐயா, எனக்கு நெஞ்சில் ஒரு பரு உடைந்த இடத்தில் கெலாய்டு. இரண்டு வருடம் முன்பு ஓர் இடத்தில் வெட்டி எடுத்தார்கள். ஆறே மாதத்தில் முன்னைவிடப் பெரிதாக வந்துவிட்டது. அரிப்பு தாங்க முடியவில்லை. திரும்ப வரும் என்று அப்போது யாரும் எச்சரிக்கவில்லை. இதுவும் அந்தச் செல்கள் இழுப்பதால்தானா?

கத்தியும்_நூலும் · திங்கள் இரவு 8:47

கஷ்டமான அனுபவம் தம்பி. வெட்டுவதோடு விட்டால் பாதிக்கு மேற்பட்டவை திரும்பி வரும், நெஞ்சில் இன்னும் அதிகம். வெட்டிய இடத்தை இழுத்துத் தைப்பதே புது இறுக்கத்தைக் கொடுக்கிறது. அதனால் ஆழமான அடுக்கில் தையல் போட்டு, சுமையை அது தாங்கும்படி செய்து, மேல்தோலின் ஓரங்கள் இழுபடாமல் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும்படி விடுவோம். பிறகு ஸ்டீராய்டு ஊசி, சிலர்க்குச் சில நாள் கதிர் சிகிச்சை, சிலிகோன் பட்டை. மறுபடி வெட்டச் சம்மதிக்கும் முன்பு ‘வெட்டிய பிறகு என்ன திட்டம்’ என்று கேளுங்கள். அரிப்புக்கு ஊசியே நல்ல பலன் தரும்.

பாவும்_ஊடையும் · திங்கள் இரவு 10:10

இனி, செல் இறுக்கத்தை எப்படி உணர்கிறது என்பதற்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

செல் நாரைப் பிடிக்கும் கைக்கு இன்டெக்ரின் என்று பெயர். அது செல்லின் மேலுறையைத் துளைத்து நிற்கும். வெளிப்பக்கம் நார், உள்பக்கம் டாலின் என்ற புரதம், டாலினின் மறுமுனையில் ஆக்டின் இழை, அந்த இழையை இழுக்கும் மயோசின். ஆக, டாலின் இருபக்கமும் இழுபடும் ஒரு சங்கிலிக் கண்ணி. அதன் தண்டு பதின்மூன்று சுருள் கட்டுகளால் ஆனது. சுமார் 5 பிக்கோநியூட்டன், அதாவது மிக மிக நுண்ணிய ஓர் இழுப்பு வந்தால் அவற்றில் ஒரு கட்டு பிரியும். உள்ளே ஒளிந்திருந்த இடம் வெளியே தெரியும். வின்குலின் என்ற இன்னொரு புரதம் வந்து அங்கே ஒட்டி, மேலும் ஆக்டினை இழுத்து வந்து பிடியைப் பலப்படுத்தும். இழுப்பு இல்லையென்றால் கட்டு பிரியாது, வின்குலினுக்கு ஒட்ட இடம் கிடைக்காது. விசை என்ற ஒன்று வேதிச் செய்தியாக மாறும் இடம் இதுதான். கணக்குப் போட மூளை வேண்டாம், நரம்பு வேண்டாம். ஒரு புரதம் பிரிகிறதா இல்லையா என்பது போதும்.

செய்தி உட்கரு வரை போகும். யாப், டாஸ் என்ற இரண்டு புரதங்கள், செல் விறைப்பான தளத்தில் விரிந்து இழுத்துக்கொண்டிருந்தால் உட்கருவுக்குள் போகும், மெத்தென்ற தளத்தில் வெளியே நிற்கும். இத்தாலியின் பதுவா நகரில் பிக்கோலோ குழு 2011-இல் கண்டது இது.

தழும்பில் இந்தக் கட்டுப்பாடு எப்படித் தவறுகிறது? மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்பது தனியாக எங்கிருந்தோ வந்த செல் இல்லை. பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஃபைப்ரோபிளாஸ்ட்தான், தசைக்குரிய ஆக்டின் வகையைத் தயாரித்துக்கொண்டு பலம் கூடி நிற்கிறது. ஆறும் புண்ணில் அதை 1971-இல் அடையாளம் காட்டியவர் ஜெனீவாவின் கப்பியானி. அப்படி மாற அதற்கு இரண்டு வேண்டும்: டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணி, சுற்றியுள்ள வலையின் விறைப்பு. சிக்கல் என்னவென்றால், அந்தக் காரணி வலையிலேயே பூட்டிய பெட்டியில் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. செல் இன்டெக்ரினால் பெட்டியைப் பிடித்து இழுத்தால் திறக்கும். வலை மெத்தென்று இருந்தால் பெட்டியும் இழுப்போடு சேர்ந்து வந்துவிடும், திறக்காது. விறைப்பாக இருந்தால்தான் திறக்கும். 2007-இல் ஹின்ஸ் குழு காட்டியது இதைத்தான். ஆக, விறைத்த தழும்பு செல்லை இன்னும் இழுக்கச் சொல்கிறது, செல் இழுத்து தழும்பை இன்னும் விறைக்க வைக்கிறது.

சாதாரணப் புண்ணில் இந்தச் சுழல் அறுபடும். புதிய கொலாஜன் உறுதியாகிச் சுமையைத் தானே தாங்க ஆரம்பித்ததும், செல் உணரும் இறுக்கம் குறைகிறது. மயோஃபைப்ரோபிளாஸ்ட்கள் கூட்டமாகத் தாமே இறந்துபோகின்றன. ஆய்வகத்தில் கட்டிவைத்த ஜெல்லை அறுத்துவிட்டாலே செல்கள் அடங்கி, பல இறப்பதைப் பார்க்கலாம்.

தென்றல்_திருச்சி · செவ்வாய் காலை 6:30

2021 நோபல் பரிசு பெற்ற பியெசோ புரதமும் இதுவும் ஒன்றா?

பாவும்_ஊடையும் · செவ்வாய் காலை 7:15

வேறு வாசல். ஆர்டெம் படபூட்டியனின் ஆய்வகத்தில் செல்லைக் கண்ணாடி முனையால் குத்தி மின்னோட்டத்தை அளந்தார்கள். சந்தேகப்பட்ட மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கிக்கொண்டே போனார்கள். 72-ஆவதை அடக்கியபோதுதான் செல் குத்தலுக்குப் பதில் சொல்லவில்லை. அதுதான் பியெசோ-1, 2010-இல் வெளியிட்டார்கள். செல்லின் மேலுறை இழுபட்டால் இந்தக் கதவு மில்லிவினாடிகளில் திறந்து கால்சியத்தை உள்ளே விடும். நான் மேலே சொன்ன டாலின் பாதை நாரைப் பிடித்திருக்கும் இடத்தில், நிமிடங்களாக, மணிகளாக நடப்பது. ஃபைப்ரோபிளாஸ்ட்டிடம் இரண்டும் உண்டு.

வார்டு_நந்தியாவட்டை · செவ்வாய் மதியம் 1:05

நான் செவிலியர், மேற்படிப்பில் நோய் எதிர்ப்பியல் படித்தேன். இறுக்கத்தைத் தளர்த்துவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அது.

நெறி கட்டுவது நிணநீர் முடிச்சு வீங்குவதுதான். முடிச்சுக்குள் ஃபைப்ரோபிளாஸ்ட் வகைச் செல்கள் வலை பின்னி, சாதாரண நாளில் அதை இழுத்துப் பிடித்து வைத்திருக்கின்றன. கிருமி வந்ததும் டென்ட்ரைட்டிக் செல்கள் என்ற காவல் செல்கள் புண்ணிலிருந்து கிளம்பி முடிச்சுக்கு வருகின்றன. அவற்றின்மேல் உள்ள க்ளெக்-2 புரதம், வலைச் செல்லின் போடோப்ளானினைத் தொடுகிறது. தொட்டதும் வலைச் செல் பிடியைத் தளர்த்துகிறது. வலை அறுபடாமலே நீள்கிறது, வந்து குவியும் வெள்ளணுக்களுக்கு இடம் கிடைக்கிறது. லண்டனிலும் பாஸ்டனிலும் இரண்டு குழுக்கள் 2014, 2015-இல் எலிகளில் காட்டினார்கள். அந்தத் தொடுகை இல்லாத எலியில் முடிச்சு சரியாக வீங்கவில்லை. நெறி கட்டினால் பயப்படும் தாய்மார்களிடம் நான் இப்போது இதைச் சொல்கிறேன்: உள்ளே இடம் விடுகிறார்கள் என்று.

மாறன்_மெக் · செவ்வாய் இரவு 9:30

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். சைட்டோகலாசின் விளக்கம் போதும், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று இடிக்கிறது. முதலில் ‘இறுக்கம் கூடினால் செல் தளர்த்தும்’ என்றீர்கள். தழும்பில் ‘விறைப்பு கூடினால் செல் இன்னும் இழுக்கும்’ என்கிறீர்கள். செல் அளப்பது இறுக்கத்தையா, விறைப்பையா?

பாவும்_ஊடையும் · செவ்வாய் இரவு 11:55

துறைக்குள்ளேயே வாதாடும் இடம் இது. என் கருத்தைச் சொல்கிறேன்.

விறைப்பை மட்டும் தனியாக அளக்க செல்லிடம் கருவி கிடையாது. மாம்பழம் பழுத்ததா என்று அமுக்கித்தானே பார்க்கிறோம்? செல்லும் இழுத்துப் பார்த்துத்தான் விறைப்பை அறிகிறது. 2006-இல் டிஷர் குழு, எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களை வெவ்வேறு விறைப்புள்ள ஜெல்களில் வளர்த்தது. 1 கிலோபாஸ்கலுக்கு (விறைப்பை அளக்கும் அலகு) குறைவான மெத்தென்ற ஜெல்லில் அவை நரம்புச் செல் சாயல் காட்டின, 10 கிலோபாஸ்கல் அளவில் தசைச் சாயல், 30 அளவில் எலும்புச் சாயல். மயோசினை முடக்கினால் இந்த வேறுபாடு போய்விட்டது. இழுக்க முடியாத செல்லுக்கு விறைப்பு தெரியவில்லை.

ஆகவே இரண்டையும் கால அளவால் பிரிப்பேன். நிமிடம், மணிக்கணக்கில் செல் இறுக்கத்தைக் காக்கிறது. நாள், வாரக்கணக்கில் சுற்றியுள்ள விறைப்பைப் பார்த்து, காக்க வேண்டிய அளவையே மாற்றிக்கொள்கிறது. தழும்பில் தவறுவது இரண்டாவது. இலக்கு எண் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது என்றும் நான் சொல்லமாட்டேன். ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்லைத் தனியாக அளந்தால் இழுப்பு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், கூட்டமாகச் சேர்ந்த பிறகே நிதானப்படுகிறது.

இரண்டாவதை மருந்தால் திருத்த முடியுமா என்பதற்கு ஒரு நம்பிக்கை: ஸ்டான்ஃபோர்டில் 2021-இல் எலிப் புண்களில் யாப் பாதையை வெர்டிபோர்ஃபின் என்ற கண் மருந்தால் அடக்கினார்கள். ஆறிய தோலில் முடிக்கால்கள் திரும்ப முளைத்தன. எலியில் மட்டும்தான், எலித்தோல் நம் தோல் இல்லை.

பிசியோ_செங்காந்தள் · புதன் இரவு 8:20

எல்லோருக்கும் நன்றி. எனக்கு இன்னும் ஒரு சந்தேகம். வெடுக்கென்று பத்துத் தடவை இழுப்பதைவிட, மெதுவாக நீட்டி நெடுநேரம் பிடித்து வைத்தால்தான் கை வழிக்கு வருகிறது. இதற்கும் செல் மட்டத்தில் காரணம் உண்டா?

பாவும்_ஊடையும் · புதன் இரவு 9:02

உண்டு, அக்கா. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஹெலன் லான்ஜெவின், எலியின் தோலடித் தளர்திசுவை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். உள்ளே இருந்த ஃபைப்ரோபிளாஸ்ட்கள் மெல்லத் தட்டையாக விரிந்து கொடுத்தன, திசுவின் இறுக்கம் இறங்கியது. அப்படி விரியவிடாமல் மருந்தால் தடுத்தபோது இறுக்கம் அவ்வளவு இறங்கவில்லை. செல் தன் உள்கட்டை மாற்றி அடுக்க நேரம் வேண்டும். அது நல்ல திசு, தழும்பு இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பிசியோ_செங்காந்தள் · வெள்ளி மாலை 5:45

இன்று அந்த அம்மா வந்தார். கிணற்றுக் கயிறு உதாரணத்தையே சொன்னேன். “அப்ப நம்ம புள்ள தூங்கும்போதும் அது இழுக்குமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஸ்ப்ளின்ட்டை எடுத்துப் பையனின் கையில் அவரே கட்டிப் பார்த்தார், வார் சரியாக இருக்கிறதா என்று என்னிடம் காட்டினார். எத்தனை நாளைக்கு என்று கேட்டார். ஒரு வருடத்துக்குக் குறையாமல் என்று சொல்லி அனுப்பினேன். சரிதானே டாக்டர்?

கத்தியும்_நூலும் · வெள்ளி இரவு 9:30

சரிதான். தழும்பு சிவந்து, தடித்து, அரிக்கும் வரை உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். வெளுத்து, மெத்தென்று ஆகி, விரலால் மடிக்க வந்தால் அடங்கிவிட்டது. பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் ஆகலாம், குழந்தைகளுக்கு இன்னும் நீளும். அதோடு இவனுக்கு நாலு வயது. எலும்பு வளரும் வேகத்துக்குத் தழும்பு வளராது. ஸ்ப்ளின்ட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதிதாக அளவெடுங்கள்.